அறுபது வாட் தாயார்

கோழிக் குஞ்சு வளர்ப்பதைப் பற்றி எழுத உமக்கு என்ன ஐயா யோக்கியதை என்று நேயர்கள் கேட்பார்களானால், அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. ஆறு வார காலம் நான் முப்பது குஞ்சுகளுக்குத் தாயாக இருந்திருக்கிறேன். இப்படிச் சொல்வதும் கொஞ்சம் மிகைதான். தாயின் ஸ்தானத்தை வகித்தது அறுபது வாட் மின்சார விளக்கு ஒன்று. அடியேன் அந்த விளக்குக்கு இரவும் பகலும் ஊழியம் செய்தவன், அவ்வளவே.

எங்கள் வீடு பரம்பரையாய்ச் சைவ வீடு. முட்டைகூட வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் உள்ள கிராமம். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு 2018-ஆம் வருஷம் ஓய்வு பெற்றேன். கிராமக் கைத்தொழில், சொந்தக் காலில் நிற்பது என்றெல்லாம் சிறு வயதில் படித்த விஷயங்கள், உத்தியோகத்தில் இருக்கும் வரையில் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே வந்துவிடுகின்றன. எனக்கும் வந்தன. எதிர்ச் சாரியில் ஒரு மூதாட்டி இருக்கிறார். தெருவே அவரை அப்பாயி என்றுதான் கூப்பிடும். ஓலைக் குடிசை, ஐந்து தென்னை மரம், ஐந்தாறு கோழி, பட்டுக்கோட்டையில் காலேஜுக்குப் போகும் ஒரு பேத்தி: இவைதான் அவருடைய ஆஸ்தி. அவரிடம் போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்பாயி, உங்கள் கோழி பத்து முட்டையை அடை காத்து எட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பருந்துக்கு இரண்டு, கீரிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று போக நாலுதான் மிஞ்சுகிறது. பண்ணையிலிருந்து ஒரு நாள் குஞ்சாக முப்பது வாங்குவோம். பாதிப் பணம் உங்களது, பாதி என்னது. குளிர் தாங்கும் வயசு வரையில் நான் என் வீட்டில் வைத்து வளர்த்துத் தருகிறேன். அப்புறம் நீங்கள் மேய விட்டுப் பெரிசாக்கி விற்றுக்கொள்ளுங்கள். என் பங்கை அப்போது கொடுத்தால் போதும்."

"தாயில்லாக் குஞ்சை ராத்திரியிலே யாரு பொத்தி வெப்பா, வாத்தியாரய்யா?"

"விளக்கு வைத்துக்கொள்ளும்."

அப்பாயி வெகு நேரம் சிரித்தார். ஆனாலும் மறுநாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து 450 ரூபாய் எண்ணி என் கையில் கொடுத்தார். பேத்தியின் பரீட்சைக் கட்டணத்துக்காக முடிந்து வைத்திருந்த பணம் அது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் இந்தக் காரியத்தில் இறங்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

பண்ணைக் குஞ்சுக்கு ஏன் தாய் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். முட்டைக்காகவே பெருக்கப்பட்ட கோழி இனங்களுக்கு அடைப் படுக்கும் குணமே அநேகமாய் மறந்து போய்விட்டது. அடைப் படுத்த கோழி முட்டையிடாது அல்லவா? ஆகவே அடைப் படுக்காத கோழிகளையே தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்து வளர்த்ததன் பலன் இது. முட்டைகளை இயந்திரத்தில் வைக்கிறார்கள். கோழி எடுத்துக்கொள்ளும் அதே 21 நாளைத்தான் இயந்திரமும் எடுத்துக்கொள்கிறது. அதில் ஒரு மணி நேரங்கூட இலாபமில்லை. பொரிவதற்குச் சற்று முன்னால் குஞ்சு தன் முட்டையின் மஞ்சட் கருவில் எஞ்சியிருப்பதை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆகாரமில்லாமல் இருக்கும். அதனால்தான் ஒரு நாள் குஞ்சுகளைத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் போட்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்ப முடிகிறது. ஆகாரத்துக்கு இரண்டு நாள் தவணை கொடுத்த இயற்கை, கதகதப்புக்கு மட்டும் இரண்டு மணி நேரங்கூடக் கொடுக்கவில்லை.

தாயில்லாமல் குஞ்சு பொரிக்கும் வித்தை புதிதன்று. எகிப்து தேசத்தார் பண்டைக் காலந்தொட்டே களிமண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்துப் பொரித்து வந்தார்கள். உஷ்ணமானி ஏது? முட்டையைக் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார்களாம். பிரான்ஸ் தேசத்து ரியோமூர் என்ற சாஸ்திரி, உஷ்ணமானியில் தம் பெயரால் ஓர் அளவையே விட்டுச் சென்றவர், அந்த வித்தையை ஆராய்ந்து 1749-இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பொரித்த குஞ்சுகளை அப்புறம் யார் காப்பது என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. ஆட்டுத் தோலைக் கம்பளி மயிரோடு உள்பக்கம் தைத்து, சாய்வு மேஜை போல் ஒரு பெட்டி செய்து அதற்குச் 'செயற்கைத் தாய்' என்று பெயர் வைத்தார். முதுகில் மெத்தென்று ஏதாவது பட வேண்டும் என்பது குஞ்சின் ஆசை என்று அவர் கண்டுகொண்டார் போலும். எங்கள் காலத்து விளக்குத் தாயாரிடம் அந்தச் சௌகரியங்கூட இல்லை.

என் செயற்கைத் தாயைத் தயார் செய்வதே பெரும் பாடாகிவிட்டது. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் வீதம் வேண்டும் என்று புஸ்தகம் சொல்லிற்று. முப்பதுக்கு அறுபது; வாத்தியாருக்கு இது கடினமான கணக்கல்லவே. ஆனால் கடைத்தெருவில் போய்க் கேட்டால் எங்கே பார்த்தாலும் எல்.இ.டி. விளக்கு! "ஒன்பது வாட்தான் ஸார், கரண்ட் மிச்சம், சூடே வராது" என்று கடைக்காரர் பெருமையோடு எடுத்து நீட்டினார். எனக்கு வேண்டியதே அந்தச் சூடுதான் என்றபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் வேறொரு பழைய கடையின் பரண் மேலிருந்து தூசு தட்டி மூன்று குண்டு பல்புகள் எடுத்துக் கொடுத்தார்கள்.

பின்கட்டு அறையில் ஒரு பெரிய மரப் பெட்டியை வைத்தேன். இரண்டு அங்குல உயரத்துக்கு உமி பரப்பி, அதைக் குஞ்சுகள் தின்றுவிடாதபடி முதல் மூன்று நாளைக்கு மேலே சாக்கு விரித்தேன். வழவழப்பான காகிதம் கூடாது. அதில் கால் வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து குஞ்சு முடமாகிவிடும். விளக்கைத் தகர மூடி போட்டுத் தொங்கவிட்டேன். உஷ்ணமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் கட்டினேன். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட்; வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, வெளிக் காற்றின் உஷ்ணத்தோடு சேர்த்துவிட வேண்டும். தடுப்பு வட்டமாக இருக்க வேண்டும், மூலையே இருக்கக் கூடாது என்றும் புஸ்தகத்தில் போட்டிருந்தது. வட்டமாக வளைக்கத் தகரம் வாங்க வேண்டுமே! சதுரமானால் என்ன, வட்டமானால் என்ன, பரப்பளவு சரியாய் இருந்தால் போதாதா என்று கணக்கு வாத்தியார் எண்ணினார். இந்த இடத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளி கழித்து மூன்றாம் நாள், நவம்பர் 9-ஆம் தேதி, குஞ்சுகள் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்தால் பாரமே தெரியவில்லை. மேலே இருப்பது இறகல்ல, பஞ்சு. அந்தப் பஞ்சு நனைந்தால் குளிரைத் தடுக்காது. பெரிய கோழியின் உடம்பு எப்போதும் 106 டிகிரி சுமாருக்கு இருக்கும்; ஒரு நாள் குஞ்சின் உடம்பு அதற்கு இரண்டு மூன்று டிகிரி குறைவு. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகுதான் ஏற்படுகிறது. அது வரையில் கடன் வாங்கின சூட்டில்தான் ஜீவனம். "இந்த வீட்டிலே இன்னும் என்னவெல்லாம் பார்க்கணுமோ!" என்று சொல்லிக்கொண்டு வந்த என் சகதர்மிணி, அரை மணி நேரம் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொன்றாய் எடுத்து, அலகைக் கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீரில் தொட்டுக் காட்டி இறக்கிவிட்டோம். கொத்தித் தின்னக் குஞ்சுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆணியின் தலை, சாக்கின் நூல், தோழனின் கண் எல்லாவற்றையும் கொத்திப் பார்க்கும். தண்ணீர் இதுதான் என்று மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டால் நல்லது. காட்டிவிட்டு, அந்தத் தண்ணீரிலிருந்து அதைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டாம் நாளே ஒரு குஞ்சு தட்டில் இறங்கி நனைந்து, விறைத்து இறந்தது. தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல்லிடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி செய்ய வேண்டும் என்பது அப்புறம் தெரிந்தது. வந்த இரவே நோஞ்சானாக இருந்த ஒன்று போய்விட்டது. ஆக இருபத்தெட்டு.

அந்த முதல் நாட்களில் நான் உஷ்ணமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 95 காட்டினால் எனக்குத் திருப்தி. ஒரு நாள் அப்பாயி வந்தார். உஷ்ணமானியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவண்டை நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சூடு ஜாஸ்தியா இருக்கு, வாத்தியாரய்யா."

"95 காட்டுகிறதே, அப்பாயி?"

"அது காட்டட்டும். இதுகளைப் பாருங்க. எல்லாம் ஓரத்திலே ஒண்டிக்கிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதே!"

நானும் பார்த்தேன். இறக்கையை விலக்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி, விளக்குக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் நின்றன. உஷ்ணமானியைக் கட்டியிருந்த இடத்தில்தான் பிசகு. விளக்கை ஒரு சாண் உயர்த்தினேன். பத்து நிமிஷத்துக்குள் பெட்டி முழுவதும் பரவி, சில தின்றன, சில தூங்கின. கிசுகிசுவென்று மெல்லிய பேச்சு ஒன்று பெட்டிக்குள் கேட்டது. அதுதான் சுகமாயிருக்கும் குஞ்சின் குரல் என்றார் அப்பாயி. குளிர்ந்தால் விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு 'கீச் கீச்' என்று உரக்கக் கத்தும். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் எதிர்ப் பக்கத்தில் போய்க் குவியும். அன்று முதல் உஷ்ணமானி பெட்டிக்குள் இருந்தது. அதை நான் அதிகம் தொந்தரவு செய்யவில்லை.

மற்றொரு வேலையையும் அப்பாயிதான் கற்றுக்கொடுத்தார். சூடு ஏறி இறங்கினாலோ, பிரயாண அலுப்பினாலோ, சில குஞ்சுகளுக்கு எச்சம் வாயிலில் ஒட்டி உலர்ந்து அடைத்துக்கொள்ளும். கவனியாமல் விட்டால் இரண்டு நாளில் செத்துப்போகும். வெந்நீரில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடைக்க வேண்டும். பிய்த்து எடுக்கக் கூடாது. உலர்ந்த பிறகே விளக்கடியில் விட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் மாணவர்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த கையால் இந்தத் திருப்பணியை மூன்று நாள் செய்தேன். என் வீட்டார் இதைப் பற்றி இன்றைக்கும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கஜா புயலைப் பற்றிய எச்சரிக்கை வந்தது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தை ஐந்து முதல் ஏழு நாளைக்குள் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துப் பக்கம் கண்டறியப்பட்ட வியாதி இது. சீக்கிரத்திலேயே நம் தேசத்தில் ராணிக்கெட்டிலும் காணப்பட்டதால் இங்கே ராணிக்கெட் நோய் என்று பெயர். வந்தால் கொட்டகையையே காலி செய்துவிடும். வந்த பிறகு மருந்தில்லை. ஏழாம் நாள் போடலாம் என்று நான் இருந்தேன். "புயல் வந்து கரண்ட் போனால் மருந்தைக் குளிரில் வைக்க முடியாது, இன்றைக்கே போட்டுவிடுங்கள்" என்றார் கால்நடை வைத்தியர். நவம்பர் 15-ஆம் தேதி காலையில் இருபத்தெட்டுக்கும் சொட்டு விட்டோம். அந்த நல்ல மனிதரின் யோசனை எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை நான் கணக்கிட முடியாது.

அன்று மாலையே தெருவிலுள்ள ஓலை வீட்டுக்காரர்கள் எங்கள் மாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பாயி பேத்தியோடு வந்தார். ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் பஞ்சாரம். பஞ்சாரத்துக்குள்ளே ஒரு கோழி, பத்து நாளான எட்டுக் குஞ்சுகளுடன். கோழி இந்த வீட்டுக்குள் வருவதாவது என்று யாரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதையும் பின்கட்டு அறையிலேயே வைத்தோம்.

இரவு பத்து மணிக்கு முன்னால் மின்சாரம் நின்றது. விளக்கு அணைந்தது. நள்ளிரவுக்குப் பிறகு, வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே புயல் கரை கடந்துகொண்டிருந்தபோது, அடித்த அந்தக் காற்றின் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கேட்டவர்களுக்கு வர்ணனை வேண்டாம். கேளாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. தென்னை மரங்கள் விழும் சத்தம் ஒவ்வொன்றாய்க் கேட்டது. முதலில் அப்பாயி எண்ணினார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

குஞ்சுகள் கத்தத் தொடங்கின. சாக்கை எடுத்துப் பெட்டியை மூடினேன். கத்தல் அடங்கவில்லை. இரும்புச் சட்டியில் அடுப்புக் கரியை மூட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, காற்று வராதபடி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் குறைந்தது. சூடு பிடித்துக்கொண்டது என்று எனக்குச் சந்தோஷம். அப்பாயி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் சத்தத்தைக் காணோம்?"

"தூங்குகின்றன."

"தூங்குற குஞ்சு பேசும். இது பேசலே." கதவைத் தள்ளித் திறந்தவர், "ஐயோ வாத்தியாரய்யா, கரிப் புகையை உள்ளே வெச்சு மூடிட்டீங்களே! மனுஷனே மூச்சு முட்டிப் போவானே!" என்று சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார்.

டார்ச்சு வெளிச்சத்தில் பெட்டியைப் பார்த்தேன். இருபத்தெட்டுக் குஞ்சுகளும் ஒரே மூலையில் மலை போல் குவிந்திருந்தன. குளிரும் பயமும் சேர்ந்தால் குஞ்சுகள் ஒன்றுக்குள் ஒன்று புகும். வட்டத் தடுப்பாயிருந்தால் குவிகிற கும்பல் நழுவிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் நெரியாது. மூலையில் சிக்கினதற்கு வெளியே வழியில்லை. அப்பாயி மேலே இருந்தவற்றை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். அடியில் மூன்று குஞ்சுகள் தட்டையாய்க் கிடந்தன. மூன்றும் நசுங்கித்தான் இறந்தன, கரிப்புகையால் அல்ல. அதாவது, தகரம் வாங்கச் சோம்பியதன் விலை மூன்று உயிர். "மூலையாலேதான் போச்சு, அப்பாயி, வட்டமாகக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வேறு வேலை இருந்தது.

பஞ்சாரத்துக் கோழியிடமிருந்து அதுவரையில் ஒரு சத்தமும் வரவில்லை. டார்ச்சை மறைத்துப் பிடிக்கச் சொல்லி, அப்பாயி பஞ்சாரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். அடை காக்கும் கோழிக்கு வயிற்றில் இறகு உதிர்ந்து வெறுந்தோலாகிவிடும். அந்தத் தோலில் அப்படி ஒரு சூடு! அறுபது வாட் விளக்கின் சூடு மேலிருந்து விழுகிறது. இது நான்கு பக்கமும் மூடுகிறது. அப்பாயி என் குஞ்சுகளில் ஆறை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்குள் செருகினார். இருட்டில் கோழி 'குர்ர்' என்று ஒரு தரம் முனகி, இறக்கையை இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டது.

"அவ்வளவுதான். அதுக்கு மேலே அதாலே பொத்த முடியாது" என்றார்.

பாக்கி பத்தொன்பது. காஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாமே! வெந்நீர் காய்ச்சிப் பித்தளைத் தவலையில் ஊற்றி, வாயை இறுக மூடி, அதன் மேல் பழைய புடைவையை நாலு சுற்றுச் சுற்றினோம். மூலையெல்லாம் வைக்கோல் போட்டு அடைத்து, தவலையைப் பெட்டியின் நடுவில் வைத்துச் சுற்றிலும் குஞ்சுகளை விட்டு, மேலே காற்றுப் போக இடம் விட்டுச் சாக்கைப் போர்த்தினோம். ஐந்து நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒன்று பேசியது. அப்புறம் இன்னொன்று. இரண்டு மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. என் மனைவி காய்ச்ச, அப்பாயியின் பேத்தி எடுத்து வர, நான் ஊற்ற, இப்படியே பொழுது விடிந்தது.

விடிந்தபின் தெருவைப் பார்த்தோம். அப்பாயியின் குடிசைக்குக் கூரை இல்லை. ஐந்து தென்னையில் ஒன்று நின்றது. தென்னம்பிள்ளை வைத்துக் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். நின்ற மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாயி திரும்பி வந்து, நேரே பின்கட்டு அறைக்குப் போனார். வெளிச்சத்தில் கோழி கணக்கெடுக்க ஆரம்பித்திருந்தது. நிறம் ஒத்துப்போன நாலை ஏற்றுக்கொண்டது. கறுப்பாயிருந்த இரண்டை மண்டையில் கொத்தித் துரத்திற்று. அந்த இரண்டையும் எடுத்துத் தவலையண்டை விட்டோம்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வந்தது பத்தொன்பதாம் நாள். அது வரையில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் டெலிபோனுக்குச் சார்ஜ் ஏற்றவும் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்கள் உபயோகப்படவில்லை. ராத்திரி முழுவதும் விளக்கெரிய யார் ஜெனரேட்டர் ஓட்டுவார்கள்? தவலைதான் தாயாகத் தொடர்ந்தது. பகலில் வெயில் வந்த இடத்துக்குப் பெட்டியைத் தூக்கி வைத்தோம். முதல் வாரத்திலேயே இன்னும் இரண்டு இறந்தன. மூன்றாம் வாரத்தில் இறக்கையிலும் தோளிலும் மெய்யான இறகு முளைத்தது. அப்பாயியும் பேத்தியும் பன்னிரண்டு நாள் எங்களோடு இருந்தார்கள். பிறகு நிவாரணத் தார்ப்பாயைக் குடிசை மேல் கட்டிக்கொண்டு போனார்கள்.

மழை விடவில்லையாதலால் உமி ஈரமாகிக்கொண்டே இருந்தது. நாலாம் வாரம் ஒரு நாள் எச்சத்தில் இரத்தம் கண்டேன். இரத்தக் கழிச்சல் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி குடலைத் துளைப்பதால் வருவது. ஈரமும் கதகதப்பும் சேர்ந்த படுக்கையில்தான் அது பெருகும். சூட்டுக்காக நாம் செய்யும் ஏற்பாடே அதற்கும் சௌகரியமாய் அமைகிறது என்பதுதான் இதில் வேடிக்கை. உமி முழுவதையும் வாரிக் கொட்டி, காய்ந்த உமி பரப்பி, தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் உயர்த்தி, வைத்தியர் கொடுத்த ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒன்று போயிற்று. இருபத்திரண்டு பிழைத்தன. இந்தத் தடவை தகரத் தடுப்பு வட்டமாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மார்கழி பிறந்து ஐந்தாறு நாளில், ஆறு வாரம் பூர்த்தியானதும், அப்பாயி இரண்டு பஞ்சாரங்களைக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கழுத்தையும் காலையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். இருபத்திரண்டு.

"எட்டுப் போச்சு, அப்பாயி. உங்கள் பணத்தில் பாதி நஷ்டம் என் பொறுப்பு" என்றேன். இதைச் சொல்ல இரண்டு நாளாய் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அஞ்சு மரத்திலே நாலு போச்சே, அது யாரு பொறுப்பு?" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்றிரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்புக் கொடுத்துவிட்டது. எழுந்து போய்ப் பின்கட்டு அறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். ஒரு வாரம் வரை இப்படி நடந்தது.

சேவல்கள் பொங்கல் கழித்து நல்ல விலைக்குப் போயின. பேத்தியின் பரீட்சைக் கட்டணம் கட்டியாயிற்று. பெட்டைகளை அப்பாயி விற்கவில்லை. வைகாசியில் ஒரு நாள் காலை, முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். முதல் முட்டை. இளம் பழுப்பு நிறம், சின்னதுதான். இன்னும் சூடாக இருந்தது.

எங்களுக்கு இது தர்மசங்கடம். காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகைக் காவலில் இருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலில், குஞ்சு பொரிக்காத முட்டையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. பால் சாப்பிடுகிறவனுக்கு அத்தகைய முட்டையில் ஆக்ஷேபணை இருக்க நியாயமில்லை என்பது அவர் கருத்து. அதை என் மனைவியிடம் எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அப்பாயி வீட்டில் சேவல் ஒன்றும் விற்காமல் வைத்திருக்கிறார். ஆகையால் மகாத்மாவின் சலுகை இந்த முட்டைக்குச் செல்லாது.

என் மனைவி முட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் வைத்திருந்துவிட்டு அப்பாயியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அடை வெச்சுடுங்க, அப்பாயி. கோழிக்கே வெச்சுடுங்க" என்றாள்.